கூட இருப்பவரின் சளி

கல்யாண வீடுகளில் கார்மேகத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் தம்பி என்ன வேலை என்று கேட்டுத் தொலைப்பார். ஆராய்ச்சி என்றால் எதைப் பற்றி என்பார். சளி என்று சொன்னதும் பாயசத்தை இலையோரம் ஒதுக்கிவிட்டு மோருக்குப் போய்விடுவார். ஊர் காறித் துப்புகிற சரக்கை வருடக்கணக்கில் படித்து முனைவர் பட்டம் வாங்கியவனுக்குச் செம்மலர் வீட்டில் எப்படிப் பெண் கொடுத்தார்கள் என்பது போடிநாயக்கனூரில் இன்றைக்கும் பேச்சுதான்.

ஆனால் சளியை மதிக்க வேண்டும். துப்பினால் அது கோழை. உள்ளே இருக்கும்வரை அதுதான் நம் வாசல் காவல். புரத இழைகளால் பின்னிய ஒரு வலை மூக்கிலிருந்து நுரையீரலின் கடைசிச் சந்துவரை விரிந்து கிடக்கிறது. காற்றோடு வருகிற தூசியையும் கிருமியையும் பிடித்துவைத்து வெளியே தள்ளுகிறது. வலையின் கண் பெரிதானால் கிருமி புகும். சிறிதாகி இறுகிவிட்டால் மூச்சே புகாது. இந்தக் கண்களின் அளவைப் பார்ப்பதுதான் கார்மேகத்தின் பிழைப்பு.

கோவையிலிருந்து திருச்சி சாலையில் போனால் வருகிற ஒரு நெஞ்சக மருத்துவமனையின் மாடியில் அவனுக்கு ஜன்னல் இல்லாத அறை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஒரு நுண்ணோக்கி, ஒரு கணினி, நிற்காமல் ஓடும் ஏசி. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக ஒரு வியாதி வந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் வைத்த பெயர் நாக்கில் நிற்காது. ஜனங்கள் இழைச்சளி என்றார்கள். மூச்சுக்குழாயில் சளி நூல் நூலாக இறுகும். பெரும்பாலும் பத்து வயதுக்குள் முடித்துவிடும். பெரியவர்களைத் தொடுவதில்லை. கிருமி எதுவும் அகப்படவில்லை. பரம்பரைக் கோளாறும் இல்லை என்று ரத்தப் பரிசோதனைகள் சொல்லிவிட்டன.

பிள்ளைகளின் சளியை ஆராய வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் சளியும் வேண்டும். அதற்கு அங்கே யாரும் அலையவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளி தனியாக வருவதில்லையே. கட்டிலுக்கு ஒருவர் கட்டாயம் கூட இருப்பார். அவருக்கு அட்டெண்டர் என்று பெயர், கழுத்தில் மஞ்சள் பாஸ். பகலில் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார், இரவில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக்கொள்வார். பிள்ளைக்காக என்றால் கிட்னியையே கழற்றிக் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் ஒரு வாய் சளிக்கு மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்? எனவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சிறு குப்பிகள். பிள்ளையின் குப்பிக்குச் சிவப்பு மூடி, கூட இருப்பவரின் குப்பிக்கு நீல மூடி. எல்லோரும் இதை மிகச் சிக்கனமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே நினைத்தார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசமே இல்லை என்று வந்தது. வலையில் கோளாறு இல்லை, வியாதி வேறெங்கோ இருக்கிறது என்று கார்மேகம் எழுதிக் கொடுத்தான். சுலைகா பானு டாக்டர் அதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிள்ளைகளைத் தினம் தொட்டுப் பார்க்கிறவர் அவர். அவருடைய விரல்கள் வேறு கதை சொல்லின. ஆனால் விரல்கள் சொன்னதை ஆராய்ச்சிக் கட்டுரையில் போட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் தன்ஷிகா இறந்துபோனாள். சூலூர்க்காரி, மூன்றாம் வகுப்பு. வார்டில் இருந்தவரை எல்லோரிடமும் கதை கேட்டுக்கொண்டிருந்தவள்.

ஒரு மாதம் கழித்து அவள் அம்மா சாந்தாமணி மாடி ஏறி வந்தாள். சூலூரில் இட்லி மாவுக் கடை வைத்திருப்பவள். கணவன் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் மாதக்கணக்கில் வீடு திரும்பாதவன். மகள் காரியத்துக்கு வந்துவிட்டு மறுபடி போய்விட்டான். இவள் கதவருகிலேயே நின்றாள். உடுப்பு, புத்தகம், வளையல் எல்லாவற்றையும் பெரியவர்கள் எடுத்துப் போட்டுவிட்டார்களாம், வீட்டில் இருக்கக் கூடாது என்று.

"இங்க ஏதாச்சும் இருக்குதுங்களா சார், அவளோடது?" என்றாள்.

கார்மேகம் அறை மூலையைப் பார்த்தான். இருந்தது, ஒரு குப்பி சளி. உறைபெட்டியில், மைனஸ் எண்பதில். அதைப் போய் ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? சொன்னான். அவள் முகம் சுளிக்கவில்லை, பார்க்கலாமா என்றாள்.

குப்பியை எடுத்து உருக வைத்து, மணிகளைக் கலந்து, ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தான். விளக்கை அணைத்தான். திரையில் பச்சைப் புள்ளிகள் மின்னின. இது என்ன என்று கேட்டாள்.

"மணிக்கா. நாங்க செஞ்சு உள்ள விடுறது. தலைமுடி தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும். சளியில ஒட்டிக்கிராம இருக்க மேல ஒரு பூச்சு பூசிருக்கோம். அதனால அது பாட்டுக்கு அலையும். வலை நம்ம கண்ணுக்குத் தெரியாது. மணி எங்க ஓடுது, எங்க முட்டுது, எங்க திரும்புதுன்னு பாத்துக்கிட்டே இருந்தா வலை எப்படி இருக்குன்னு புரிஞ்சுரும். இருட்டு வீட்டுக்குள்ள ஒரு பிள்ளைய விட்டா, அது நடக்கறத வச்சே சுவரு எங்கன்னு சொல்லிரலாம்ல, அப்படி."

பிள்ளை என்று சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கவனித்த மாதிரி இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிகள் விறுவிறுவென்று ஒரு பக்கமாக ஓடின. அதில் ஒன்று மட்டும் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் தயங்கித் தயங்கிச் சுற்றியது. பிறகு ஒரே ஓட்டமாக ஓடி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. சற்று நேரத்தில் இன்னொன்றும் அப்படியே செய்தது.

சாந்தாமணி அழுதாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தன்ஷிகா இப்படித்தானாம். எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள், இவள் மட்டும் யார் வீட்டுக் கேட்டிலாவது நாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சேர்வாள்.

கார்மேகம் குப்பியை மூடி வைக்கப் போனபோதுதான் பார்த்தான். மூடி நீலமாக இருந்தது. அவசரத்தில் பக்கத்துக் குப்பியை எடுத்திருக்கிறான். இவ்வளவு நேரமும் அவள் பார்த்து அழுதது தன்னுடைய சளியைத்தான்.

அவளிடம் அதைச் சொல்லாமல் சிவப்பு மூடிக் குப்பியை எடுத்து ஒரு துளியை மட்டும் உருக்கி வைத்தான். அதே ஓட்டம், அதே நிற்பு, அதே மாதிரி ஓடிச் சேர்ந்துகொள்வது. கணினியில் இரண்டு தடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்த்தான். ஒரே கையால் பின்னிய மாதிரி பொருந்தின. இவன் இதுநாள்வரை சராசரிகளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான், ஆளுக்கு ஆள் பார்த்ததில்லை. உலகத்தில் இரண்டு பேருடைய வலை இப்படி அச்சாக இருக்கக் கூடாது.

அன்று மாலைக்குள் மற்ற ஜோடிகளையும் பார்த்துவிட்டான். ஒவ்வொரு ஜோடியிலும் பிள்ளைக்கும் கூட இருந்தவருக்கும் ஒரே வலை. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் அண்ணன் பிள்ளைக்குத் துணை இருந்த சித்தியிடமும் அதே. ரத்த சம்பந்தம் இதில் இல்லை என்று தெரிந்தது. ஒரே அறையில் ஒரே காற்றை மாற்றி மாற்றி மூச்சு விட்டதுதான் சம்பந்தம். அடுத்த முறை சாந்தாமணி வந்தபோது அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"ஒருத்தரோட மூச்சுத் துளி இன்னொருத்தர் மூக்குக்குள்ள போகுதுல்ல, அங்க இருக்கற வலை அதப் பாத்து அதே மாதிரி பின்னிக்கிருதுக்கா. பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அந்த மாதிரி."

"பழைய மாவுல ஒரு கரண்டி எடுத்துப் புது மாவுல கலக்கறாப்பலங்களா?"

"அதேதான். கடைசி வரைக்கும் நீங்கதான அவ கூட இருந்தீங்க. உங்க பொண்ணு உங்ககிட்ட இருக்காக்கா. மூச்சுலயே இருக்கா."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கார்மேகம் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான். நல்ல மனசுக்காரன்தான் அவன், ஆனால் நல்ல மனசுக்காரர்களுக்கு ஒரு காரியத்தைப் பாதி தெரிந்ததுமே சொல்லிவிடும் அவசரம் இருக்கிறது.

செய்தி வார்டுக்கு இறங்கியது. வார்டிலிருந்து கேன்டீனுக்கு, கேன்டீனிலிருந்து செய்தித்தாளுக்கு. இறந்தவர்கள், கூட இருந்தவர்களின் மூச்சில் வாழ்கிறார்கள் என்று தலைப்பு. வெள்ளிக்கிழமைகளில் மாடிப்படியில் ஜனம் உட்கார ஆரம்பித்தது. மகனைப் பறிகொடுத்தவர்கள், பேத்தியைப் பறிகொடுத்தவர்கள், சாவுக்கு அப்புறம் பேச்சே வராமல் போன ஒரு சித்தி. ஒவ்வொருவராக உள்ளே வந்து இருட்டில் உட்கார்ந்து, தங்கள் தொண்டையில் ஓடும் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் கும்பிட்டார்கள். இன்னொரு கூட்டமும் வந்தது. மருமகளின் சளியில் யாருடைய வலை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று ஒரு மாமியார் தனியாக அழைத்துக் கேட்டார். விவாகரத்து வக்கீல் ஒருவர் போனில் சுற்றி வளைத்து அதையே கேட்டார். கார்மேகம் தலையில் அடித்துக்கொண்டு அவர்களை அனுப்பினான். வெள்ளிக்கிழமைக்காரர்களை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை.

சாந்தாமணி எல்லா வெள்ளியும் வந்தாள், எல்லோருக்கும் கடைசியாக. அவள் துளியை வைத்துவிட்டு அவனும் கூட உட்கார்ந்திருப்பான். செம்மலர் பிரசவத்துக்குப் போடிக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. தாய் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டுத்தான் வருவாள். வீட்டில் போய்த் தனியாக உட்காருவதற்கு இங்கே இருக்கலாம் என்று தோன்றும். இருவரும் அதிகம் பேசியதில்லை. புள்ளி நிற்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஓடிச் சேர்ந்ததும் மூச்சு விடுவாள். சில வாரங்களில் அவனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அவள் மகன் சர்வேஷைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. மகளைத் தகனம் செய்துவிட்டு வந்த கொஞ்ச நாளிலேயே ஆறு வயதுப் பையனைக் கோபியில் இருக்கும் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். இருக்கிற ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் செத்தவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள், கல் நெஞ்சுக்காரி என்றார்கள். கார்மேகத்துக்கும் உள்ளுக்குள் அந்த வருத்தம் உண்டு.

இதற்கிடையில் சுலைகா டாக்டர் வேறொரு போரில் இருந்தார். இறுகிய வலையை மொத்தமாகக் கரைத்துவிடும் மருந்து ஒன்று வந்திருந்தது. முகமூடி வழியே புகையாக இழுக்க வேண்டும், ஒரு மணி நேரம். வார்டில் அதற்குக் கழுவல் என்று பெயர். கழுவிய பிள்ளைகள் மறுநாளே எழுந்து விளையாடினார்கள். வலை புதிதாகப் பின்னிக்கொள்ளும். ஆனால் இரண்டே வாரத்தில் பழையபடி இறுகிவிடும். மறுபடி கழுவினால் மறுபடி இறுகும். டாக்டர் இளைத்துப்போனார்.

ஒரு மத்தியானம் அவர் மாடிக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கார்மேகத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

"கழுவினதுல ஒரே ஒரு பையனுக்குத்தான் திரும்ப வரல. சோமனூர் பையன். மத்தவங்ககிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்குன்னு மண்டைய உடைச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு நர்ஸ் சொல்லித்தான் தெரியுது. கழுவின வாரம் அவங்க அம்மாவுக்கு அடுத்த பிரசவம். பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட இருந்திருக்காரு."

கார்மேகம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான்.

"நம்ம நீல மூடி எல்லாம் ஆரோக்கியமான சளின்னு யார் சொன்னது?" என்றார் டாக்டர்.

யாரும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடமும் டீக்கடைக்காரர்களிடமும் கெஞ்சிக் கூத்தாடிச் சளி வாங்கி வந்தார்கள். அந்த வலைகளின் கண்கள் தாராளமாக இருந்தன. நீல மூடிகளில் இருந்ததெல்லாம் இறுக்கம். ஒரு நோயாளியை இன்னொரு நோயாளியோடு ஒப்பிட்டு வித்தியாசம் இல்லை என்று இத்தனை காலம் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களின் மூச்சுக்குழாய் அகலம், இறுகினாலும் காற்றுப் போகும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையின் குழாய் பென்சிலுக்கும் சின்னது.

பிள்ளைகளிடமிருந்து பெரியவர்களுக்கு வரவில்லை. கூட இருந்தவர்களிடமிருந்துதான் பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. யார் பிள்ளையை விட்டு நகராமல் இருந்தாரோ, யார் முகத்தோடு முகம் வைத்துத் தூங்கவைத்தாரோ, அவரிடமிருந்து. கார்மேகம் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தான்.

டாக்டர் அழவில்லை, கோபமும் படவில்லை. இனி பிள்ளையோடு சேர்த்து அட்டெண்டரையும் கழுவ வேண்டும், கழுவிய பின் நல்ல வலை உள்ள ஒருவர் இருவரோடும் இருக்க வேண்டும் என்றார். அது நடந்தால் வார்டு காலியாகிவிடும். ஆனால் ஒரு தொல்லை இருந்தது. வார்டில் இருக்கும் அட்டெண்டர்களில் பலர் ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அடுத்ததோடு வந்தவர்கள். முதல் பிள்ளை தங்கள் மூச்சில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள். கழுவிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். வீட்டில் இன்னும் நோய் வராத பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் அதையே சொன்னார்கள்.

"சாந்தாமணி ஒத்துக்கிட்டா மத்தவங்களும் ஒத்துக்குவாங்க. எல்லாரும் அவங்களத்தான் பாக்குறாங்க. அந்தப் பையன் என்னைக்காவது வீட்டுக்குத் திரும்பி வருவான்ல. அதுக்குள்ள அவங்க கழுவியாகணும். முதக் கதைய நீதான் சொன்ன, ரெண்டாவதையும் நீயே போய்ச் சொல்லு," என்றார் டாக்டர்.

சூலூர்க் கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் சாந்தாமணி அதை நிறுத்திவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. வழியெல்லாம் பஸ்ஸில் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். உங்கள் உடம்புக்கு ஆகாது, அதனால் கழுவ வேண்டும், தன்ஷிகாவின் வலையைக் கணினியில் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று. சொல்ல ஆரம்பித்தான். இரண்டாவது வாக்கியத்திலேயே திக்கியது.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்க சார். எனக்குத் தெரியுமுங்க."

"என்னக்கா தெரியும்?"

"பழைய மாவுதானுங்களே புது மாவப் புளிக்க வைக்கும். புது மாவு எங்கயாச்சும் பழசப் புளிக்க வைக்குமுங்களா? நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. ரெண்டு பேர்த்துகிட்ட ஒண்ணு இருந்தா, மொதல்ல பொறந்தவ நானு."

கார்மேகம் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சர்வேஷக் கொண்டுபோயி விட்டீங்களே..."

"அதுக்கு மின்னாடியே விட்டாச்சுங்க. அவ போன பத்தாம் நாளு, இவன் தூங்கறப்ப மூச்சுல ஒரு சத்தம் வந்துச்சு. அவளுக்கு வந்த அதே சத்தம். வூட்டுல நானும் அவனும் மட்டுந்தான் இருக்கறம். என்னமோ எங்கிட்ட இருக்குதுன்னு வகுறு சொல்லுச்சு. விடிஞ்சதும் பஸ் ஏத்திக் கொண்டுபோயிட்டேன். அங்க போனதும் சத்தம் நின்னுபோச்சுங்க. இப்ப போனாலும் வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துருவேன். அம்மா ஏன் தூக்க மாட்டீங்கறான்னு கேக்கறான் அவன்."

கிரைண்டர் கல்லிலிருந்து மாவு மெதுவாக வழிந்து நின்றது. அவன் கேட்கக் கூடாது என்று நினைத்தான், கேட்டுவிட்டான். தெரிந்திருந்தும் ஏன் எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தாள்? கழுவிக்கொண்டால் பையன் வரலாமே?

வாடிக்கையாளர் ஒருவர் தூக்குப் போணியோடு வந்தார். அவருக்கு ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"நாங் குடுத்ததுதானுங்க. அதுதான் அவளக் கொன்னுச்சு. தெரியாமயில்ல. ஆனா அவ வச்சிருந்தா இல்லீங்களா? வேற எதையுமே வூட்டுல வைக்க உடல அவிய. கழுவிட்டா நானும் எடுத்துப் போட்ட மாதிரிதான ஆகும்."

சொல்லிவிட்டுக் கிரைண்டரில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டாள். பிறகு, வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன், ஒரு தடவை பார்த்துவிட்டுக் கழுவிக்கொள்கிறேன் என்றாள். சர்வேஷுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது.

அந்த வெள்ளிக்கிழமை சிவப்பு மூடிக் குப்பியில் மிச்சமிருந்த கடைசித் துளியைக் கார்மேகம் வைத்தான். உருகிய துளியை மறுபடி உறைய வைக்க முடியாது. இதோடு முடிந்தது. புள்ளிகள் ஓடின, ஒன்று நின்றது, சுற்றியது, ஓடிச் சேர்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்து விட்டார்கள். துளி காய்ந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக அசையாமல் நிற்கும்வரை சாந்தாமணி எழுந்திருக்கவில்லை.

முகமூடியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். ஒன்றும் தெரியாது, கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான் என்றான்.

"ஒரு நிமிஷம் இருக்கட்டுங்க," என்றாள். கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சை இழுத்து, முடிந்தவரை பிடித்து வைத்திருந்தாள். பிறகு தானே முகமூடியை மாட்டிக்கொண்டாள்.

கீழே நாத்தனாரோடு சர்வேஷ் காத்திருந்தான். அவள் படியிறங்கி வந்து அவனைத் தூக்கியதைச் சுலைகா டாக்டர் வராந்தாவில் நின்று பார்த்தார். அதற்கப்புறம் கழுவ மாட்டேன் என்று வார்டில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் சளியைப் பார்த்தபோது வலைக் கண்கள் அகலமாக இருந்தன. புள்ளிகள் எங்கும் நிற்கவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, சர்வேஷும் இப்படித்தான், எங்கயும் நிக்க மாட்டான், ஒரே ஓட்டந்தான் என்று சாந்தாமணி சிரித்தாள். அவள் மாடிக்கு வந்தது அதுதான் கடைசி.

மாடிப்படி காலியானது. கார்மேகத்துக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, போகப் போக அறை பெரிதாகத் தெரிந்தது. ஏசி சத்தத்துக்கு அடியில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பான். காலி நாற்காலி.

ஐந்தாம் மாதம் முடிந்து செம்மலர் குழந்தையோடு புறப்பட்ட அன்று அவனுக்கு வேலை ஓடவில்லை. சுலைகா டாக்டர் புதிய ஒப்பீட்டு மாதிரிகளைக் கேட்டிருந்தார். நோயாளிகளோடு தங்காதவர்களாக இருக்க வேண்டும். தனிக்கட்டையாக இருக்கிற ஆளின் வலை பசித்த வலை, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்களைப் பார்த்துப் பின்னிக்கொள்ளும், அப்படிப்பட்டவர்களை ஒதுக்கிவிடு என்றும் சொல்லியிருந்தார். கார்மேகத்துக்கு அது தன்னைப் பற்றிய பேச்சாகவே படவில்லை. ஆள் தேடி அலைவானேன் என்று, நீல மூடிக் குப்பி ஒன்றை எடுத்துத் தானே காறித் துப்பினான். மணிகளைக் கலந்து, துளியை வைத்து, விளக்கை அணைத்தான்.

புள்ளிகள் ஓடின. ஒன்று நின்றது.

கணினி தடங்களைப் பொருத்திச் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த நிற்பை அவன் உறக்கத்திலும் அடையாளம் சொல்வான். கேட்டுக்கு முன்னால் நாயைப் பார்த்துக்கொண்டு, பையை ஒரு தோளில் தொங்கவிட்டுக்கொண்டு. சாந்தாமணியிடமிருந்து அது போய்விட்டது. சிவப்பு மூடிக் குப்பி காய்ந்துவிட்டது. உலகத்தில் இனி அது இருப்பது இந்தத் தொண்டையில் மட்டும்தான்.

போன் அடித்தது. உடுமலை தாண்டிவிட்டோம் என்றாள் செம்மலர். பஸ் சத்தத்துக்கு நடுவில், வாயருகே பிடித்திருந்ததாலோ என்னவோ, குழந்தையின் மூச்சு கேட்டது. சீரான, சத்தமில்லாத மூச்சு.

"பாப்பா தூங்குறாளா?"

"ம். வந்தோன்ன தூக்குவீகல்ல? அப்பா அப்பான்னு போட்டாவைக் காட்டிக் காட்டிப் பழக்கிருக்கேன். ஏன் ஒரு மாதிரி பேசுறீக, பக்கத்துல யாரும் இருக்காகளா?"

"இல்ல," என்றான். வீட்டுச் சாவி எதிர் வீட்டில் இருக்கிறது, நீ போய்விடு, நான் ஒரு மணி நேரம் பிந்தி வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மருந்தை ஊற்றி இயந்திரத்தைத் தயார் செய்தான். அது தன்ஷிகா இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவளைக் கொன்றது அது. டீக்கடை வாசலில் நிற்கிற எவனிடம் கேட்டாலும் யோசிக்காமல் கழுவு என்பான். கார்மேகமே எத்தனை பேருக்கு முகமூடியை எடுத்து நீட்டி, ஒன்றும் தெரியாது, கொஞ்சம் கசக்கும் என்று சொல்லியிருக்கிறான். முகமூடியை எடுத்தான். ரப்பர் வாடை மூக்கில் ஏறியது.

"ஒரு நிமிஷம் இருக்கட்டும்," என்றான், காலி அறையில்.

திரையில் அந்தப் புள்ளி இன்னும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவை ஓரத்துக்குப் போய்விட்டன. அது ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளட்டும், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பஸ் அந்நேரம் பொள்ளாச்சியை நெருங்கியிருக்கும்.